மாவரைத்த கூலியில் நடந்த பள்ளி: மான்செஸ்டர் கிராமர் பள்ளியின் ஐந்நூறு ஆண்டுகள்

இங்கிலாந்தின் பழைய கிராமர் பள்ளி ஒன்றின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள், அங்கே படித்துப் பெயர் பெற்றவர்களின் பட்டியலில்தான் வழக்கமாகத் தொடங்குவார்கள். அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டுப் பள்ளியின் வரவு செலவுக் கணக்கைத் திறந்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். ஆசிரியரின் சம்பளம் எதிலிருந்து வந்தது? பணமாக வந்ததா, தானியமாக வந்ததா? நிறுவியவர் எழுதிவைத்த சாசனம் எதை அனுமதித்தது, எதைத் தடுத்தது? ஒரு பள்ளி தழைத்ததற்கும் இன்னொன்று பூட்டப்பட்டதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. 1515இல் தொடங்கப்பட்ட மான்செஸ்டர் கிராமர் பள்ளி இதற்கு மிகத் தெளிவான சான்று. அதற்கு நிவந்தமாக, அதாவது நிலையான வருமானம் தரும் அறச்சொத்தாக அமைந்தவை, இர்க் என்ற சிற்றாற்றில் சுழன்ற தண்ணீர் ஆலைகள்.

முதலில் பெயர். கிராமர் பள்ளி என்றால் இலக்கணப் பள்ளி. அங்கே இலக்கணம் என்றது இலத்தீன் இலக்கணத்தை மட்டும்தான். ஆங்கிலத்துக்கு இலக்கணம் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எவருக்கும் இல்லை. தேவாலயம், நீதிமன்றம், மருத்துவம், பல்கலைக்கழகம், அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்து எல்லாம் இலத்தீனில் நடந்த காலம் அது. இலத்தீன் படித்தவனுக்கு வேலை இருந்தது. பிற்காலத்தில் அது பயனற்ற அலங்காரப் படிப்பாகக் கருதப்பட்டதால், தொடக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1515இல் ஒரு நெசவாளியின் மகனுக்கு இலத்தீன் கற்பிப்பது முழுக்க முழுக்கத் தொழிற்கல்வி.

பள்ளியை நிறுவியவர் ஹியூ ஓல்டாம். மான்செஸ்டர் அடங்கிய லங்காஷயரில் பிறந்தவர், 1504இல் எக்சிட்டர் நகரின் பிஷப்பாக நியமிக்கப்பட்டு 1519இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பணத்தைக் கல்விக்கு மாற்றுவதில் தேர்ந்த கை அவருடையது. ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர் பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸ் 1517இல் நிறுவிய கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கு ஓல்டாம் 6,000 மார்க், அதாவது 4,000 பவுண்டு கொடுத்தார். துறவிகளுக்கென்று திட்டமிடப்பட்டிருந்த அந்தக் கல்லூரி பொதுவான மாணவர்களுக்கு உரியதாக மாறியதில் அவருடைய வற்புறுத்தலுக்கும் பங்குண்டு. மான்செஸ்டர் பள்ளியின் சின்னத்தில் இன்றும் ஓர் ஆந்தை இருக்கிறது. லங்காஷயர் பேச்சில் ஓல்டாம் என்ற பெயர் 'அவுல்டம்' என்று ஒலிக்கும். ஆந்தைக்கு ஆங்கிலத்தில் 'அவுல்'. பெயரைப் படமாக வரைவது அக்காலத்துப் பெரியவர்களின் வழக்கம்.

பிஷப் ஒரே தடவை பணம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. மான்செஸ்டர் மேனரின், அதாவது ஊரை உள்ளடக்கிய பிரபு நிலத்தின், உரிமையாளரான தெ லா வார் பிரபுவிடமிருந்து இர்க் ஆற்றுத் தானிய ஆலைகளும் அவற்றோடு ஒரு துணி ஆலையும் பள்ளிக்காகப் பெறப்பட்டன. துணி ஆலை என்றால் நெய்யும் இடமில்லை. நெய்து முடித்த கம்பளித் துணியை நனைத்து, களிமண் சேர்த்து, தண்ணீர் விசையில் இயங்கும் மரச் சம்மட்டிகளால் அடித்து இறுக்கும் இடம். பெரிய வருமானம் தானிய ஆலைகளில்தான் வந்தது. அதற்குக் காரணம் ஆலையின் தரமோ அரைப்பவரின் திறமையோ கிடையாது, சட்டம்.

மேனர் முறையில் 'சோக்' என்றொரு உரிமை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருப்பவர் எவரானாலும் தம் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். வீட்டில் திரிகை வைத்து அரைக்கக் கூடாது. பக்கத்து ஊர் ஆலைக்கும் கொண்டுபோகக் கூடாது. அரைப்புக் கூலி பணமாக வாங்கப்படவில்லை. கொண்டுவந்த தானியத்தில் ஒரு பங்கை ஆலைக்காரர் அளந்து எடுத்துக்கொண்டார். ஆலையைப் பெற்ற பள்ளி இந்த உரிமையையும் சேர்த்துப் பெற்றது. அதாவது, மான்செஸ்டரில் ரொட்டி சாப்பிட்ட ஒவ்வொரு குடும்பமும், பிள்ளை பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும், பள்ளிக்கு ஒரு பிடி மாவு கொடுத்தது. பெயர் சொல்லாத கல்வி வரி இது. பள்ளியின் பிற்கால வாழ்வும் வழக்குகளும் இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே கிளைத்தன.

ஓல்டாம் இறந்த பிறகு, 1525இல், விதிகள் விரிவான சாசனமாக எழுதப்பட்டன. இங்கிலாந்தின் பள்ளிச் சாசனங்களில் படிக்கப் படிக்கச் சுவை தருவது இது. லங்காஷயர்ப் பிள்ளைகள் கூர்மையான அறிவுள்ளவர்கள், ஆனால் பெற்றோரின் வறுமையால் படிப்பில்லாமல் வளர்கிறார்கள் என்பது முகவுரை. இலக்கணம்தான் மற்றெல்லாக் கலைகளுக்கும் ஊற்று என்பது அடுத்த வாதம். பிறகு நடைமுறை. தலைமையாசிரியருக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு, துணையாசிரியருக்கு 5 பவுண்டு. தலைமையாசிரியர் திருமணமாகாதவராக இருக்க வேண்டும். தேவாலயக் குருவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மடத்துத் துறவியாக மட்டும் இருக்கக் கூடாது. சொத்து 12 அறங்காவலர்களின் பெயரில் இருக்கும். அவர்களில் 4 பேரே எஞ்சும் நிலை வந்தால் அந்த நால்வரும் ஊரிலுள்ள நேர்மையானவர்களைச் சேர்த்து மீண்டும் 12 ஆக்க வேண்டும். செலவு போக மிஞ்சும் பணம் ஒரு பெட்டியில் சேரும். அது 40 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகை ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜில் படிக்கும் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு உதவித்தொகையாகப் போகும்.

கட்டணத்தைப் பற்றிய விதிதான் மிகக் கறாரானது. ஆசிரியர் தம் சம்பளத்தைத் தவிர மாணவரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று சொல்வதோடு சாசனம் நிற்கவில்லை; எந்தெந்தப் பெயரில் வாங்குவார்கள் என்பதையும் எழுதித் தடுக்கிறது: சேவல் பென்னி, வெற்றி பென்னி, குடி பென்னி. அக்காலப் பள்ளிகளில் நோன்புக் காலத்துக்கு முந்தைய நாள்களில் சேவல் சண்டை நடக்கும். அதற்கென்று மாணவர்கள் ஆசிரியருக்குக் காசு கொடுப்பார்கள். விருந்துக்கு இன்னொரு காசு. நாளடைவில் இவை கட்டாயக் கட்டணமாகிவிடும். இந்தத் தந்திரத்தை நன்றாக அறிந்தவர்கள்தான் விதியை எழுதியிருக்கிறார்கள். சேவல் சண்டையையே சாசனம் தடைசெய்தது. முதல்முறை சேரும்போது பதிவுக்கென்று ஒரு பென்னி மட்டும் உண்டு. பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பள்ளியையும் பெருக்கும் இரண்டு ஏழை மாணவர்களுக்கு அது சேர்ந்தது.

எந்த ஊர், எந்த மாவட்டத்துப் பையனாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. அம்மை, தொழுநோய் போன்ற தொற்றுநோய் இருந்தால் மட்டும் விலக்கு. 'ஆண்பிள்ளை' என்ற சொல் அந்த வரியிலேயே இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கத்தி, குறுவாள், தடி எதையும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது. சாப்பாட்டுக் கத்திக்கு மட்டும் அனுமதி. எழுத்தே தெரியாத சிறுவர்களும் வரலாம். பள்ளியின் ஒரு மூலையில் மூத்த மாணவன் ஒருவன் அவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருவான். அந்த வேலையை ஒருவனுக்கே சுமத்தாமல் மாதம் ஒருவனாக மாற்ற வேண்டும். பாடம் சொன்னவனின் சொந்தப் படிப்பு கெடாதபடி பார்த்துக்கொண்ட விதி இது. பிற்காலத்துப் பல பள்ளிகளுக்கு இந்த அக்கறை இருக்கவில்லை.

பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் சாசனம் முன்மாதிரி காட்டுகிறது: ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பேன்பரிப் பள்ளியின் முறை, அதாவது ஜான் ஸ்டான்பிரிட்ஜின் இலக்கணம். அதற்கு முன்பு இலத்தீன் இலக்கணத்தை இலத்தீன் செய்யுளிலேயே மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்டான்பிரிட்ஜ் விதிகளை ஆங்கிலத்தில் விளக்கினார். அன்றாடப் பேச்சு வாக்கியங்களை ஆங்கிலமும் இலத்தீனுமாக எழுதிப் பயிற்சி கொடுத்தார். ஒரு பையன் கடக்க வேண்டிய படிகள் கடினமானவை. முதலில் சொல் வகைகள் எட்டு. பிறகு பெயர்ச்சொற்களின் ஐந்து வாய்பாடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு வேற்றுமை, ஒருமை, பன்மை. தமிழில் வேற்றுமை எட்டென்றாலும் ஐயும் ஆலும் குவ்வும் எல்லாப் பெயரோடும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒட்டும். இலத்தீனில் சொல்லின் இனத்துக்கேற்ப உருபே மாறிவிடும். அதனால்தான் வாய்பாடு மனப்பாடம் தவிர்க்க முடியாததாக இருந்தது. அதன் பின் வினைச்சொற்களின் நான்கு வாய்பாடுகள். பிறகு வாக்கியத்தைப் பிரித்து ஒவ்வொரு சொல்லின் நிலையும் சொல்லுதல், அதை ஆங்கிலமாக்குதல், புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி இலத்தீனாக்குதல்.

இங்கேதான் சாசனம் எழுதுவதிலுள்ள ஆபத்து முதன்முதலில் தெரிந்தது. ஸ்டான்பிரிட்ஜ் இலக்கணம் என்று பெயர் குறித்து எழுதிய மை காய்ந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள், எட்டாம் ஹென்றி 1540களின் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஒரே இலக்கணமாக வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கும் நூலை அதிகாரபூர்வமாக்கினார். எதை நிலையாக எழுதிவைக்கிறோமோ அதுவே முதலில் பழசாகிறது.

ஆனால் வேறொரு ஆபத்திலிருந்து அதே சாசனம் பள்ளியைக் காப்பாற்றியது. 1547இல் ஆறாம் எட்வர்டின் அரசு, இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பூசை செய்யும் அறக்கட்டளைகளைக் கலைத்து அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்டது. பல ஊர்களில் பூசைக் குருவே பள்ளி ஆசிரியராகவும் இருந்ததால் பள்ளியும் சேர்ந்து ஆட்டம் கண்டது. மான்செஸ்டரில் பள்ளியை ஒட்டியிருந்த பெரிய தேவாலயத்தின் குருமார் அமைப்பு கலைக்கப்பட்டு, அவர்கள் குடியிருந்த கட்டடம் டார்பி பிரபுவிடம் போனது. பள்ளி தப்பியது. சொத்து ஊர்ப் பெரியவர்களான அறங்காவலர்களின் பெயரில் இருந்தது. அதன் நோக்கம் கற்பித்தல் என்று எழுதப்பட்டிருந்தது. நிறுவியவருக்கான வேண்டுதல் அதோடு சேர்ந்த ஒரு கடமை மட்டுமே.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1548இல் அரசு ஆணையர்கள் பள்ளி நடந்த இடங்களில், ஆசிரியருக்கு அதுவரை கிடைத்த தொகையை அப்படியே அரசுக் கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுக்க உத்தரவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1500க்கும் 1640க்கும் இடையில் உணவுப் பொருள்களின் விலை ஐந்தாறு மடங்கு ஏறியது. நிலம் போய் நிலையான தொகை வந்ததால், ஐந்து பவுண்டு வாங்கிய ஆசிரியர் அதே ஐந்து பவுண்டில் நின்றார். நல்ல ஆசிரியர்கள் அப்படிப்பட்ட ஊர்களை விட்டு விலகினார்கள். வந்தவர்கள் வேறு வேலையும் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியர் படித்ததாகக் கருதப்படும் ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளிக்கு 1553 சாசனம் ஆசிரியர் சம்பளமாக 20 பவுண்டு வைத்தது. அன்றைக்கு அது தாராளமான தொகை. அதுவும் எண்ணாக எழுதப்பட்ட தொகைதான். மான்செஸ்டரிலும் சம்பளம் எண்ணாகத்தான் எழுதப்பட்டது. ஆனால் பின்னாலிருந்த வருமானம் தானியப் பங்கு. தானிய விலை ஏறினால் அந்தப் பங்கின் மதிப்பும் ஏறும். ஆலையைக் குத்தகைக்கு விட்டாலும், குத்தகை முடிந்து புதுப்பிக்கும்போது தொகை உயரும். ஊர் பெருத்தால் அரைக்க வரும் மூட்டைகளும் பெருகும். விலைவாசியிலிருந்து பள்ளியைக் காத்தது இதுதான்.

அதே ஏற்பாடு ஊரைப் பகைத்துக்கொள்ளவும் வைத்தது. நூறு குடும்பங்களுக்குப் போதுமான ஆலை ஆயிரம் குடும்பங்களுக்குப் போதாது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சக்கரம் நிற்கும், மூட்டைகள் காத்துக் கிடக்கும். குத்தகைக்காரருக்கோ போட்டி கிடையாது. அளவில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தாலும் மாவு கெட்டுப்போனாலும் வாடிக்கையாளர் வேறிடம் போக முடியாது. ஊரார் இரகசியமாக வெளியூர் ஆலைகளுக்குப் போனார்கள். அறங்காவலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு கல்வி நிலையம் தன் ஊர் மக்களையே ரொட்டிக்காக நீதிமன்றத்துக்கு இழுத்தது.

1750களின் இறுதியில் மான்செஸ்டரில் ஏறத்தாழ 17,000 பேர் இருந்தார்கள். ஆலைக் குத்தகைக்காரர்கள் இருவரை 'எலும்பு', 'தோல்' என்று கேலி செய்து உள்ளூர்க் கவிஞர் ஜான் பைரம் எழுதிய சிறு பாட்டு ஊர்வாயில் புழங்கியது. 1757இல் விலை உயர்வால் ஷூட்ஹில் சந்தையில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. 1758இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, மான்செஸ்டர்வாசிகள் தானியத்தை எங்கு வேண்டுமானாலும் அரைக்கலாம் என்று விடுவித்தது. ஒரே ஒரு விலக்கு: மால்ட். ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்திய பார்லிதான் மால்ட். பீர் காய்ச்ச வேண்டுமானால் அதை ஆலையில் உடைத்தாக வேண்டும். அந்த உரிமை மட்டும் பள்ளியிடமே நின்றது.

ரொட்டியை விட்டுக்கொடுத்துப் பீரை வைத்துக்கொண்ட இந்தச் சமரசம் பள்ளிக்கு எவ்வளவு ஆதாயமானது என்பது அப்போது எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. பருத்தி ஆலைகள் வந்தன. 1801 கணக்கெடுப்பில் மான்செஸ்டரின் மக்கள்தொகை 70,000. உழைப்பாளிகள் நகரத்தில் பீர் வற்றாது. பள்ளியின் வருமானம் ஏறிக்கொண்டே போனது. 1776ஆம் ஆண்டளவில் லாங் மில்கேட் தெருவில், பழைய இடத்திலேயே, புதுக் கட்டடம் எழுந்தது. தெருவின் பெயரிலேயே ஆலை இருப்பதைக் கவனிக்கலாம்.

பணம் வந்த பிறகு அதை அனுபவித்தவர்கள் யார்? தலைமையாசிரியர்கள் வெளியூர்ப் பணக்காரர்களின் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துக் கட்டணம் வாங்கினார்கள். பாடத்துக்குக் கட்டணம் கூடாது என்றுதானே சாசனம் சொன்னது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கூடாது என்று சொல்லவில்லையே. தங்கிப் படித்த அந்தப் பிள்ளைகள்தான் பல்கலைக்கழக உதவித்தொகைகளையும் பெரும்பாலும் பெற்றார்கள். பின்னாளில் எழுத்தாளரான தாமஸ் டி குயின்சியை அவருடைய பாதுகாவலர்கள் 1800இல் இங்கே சேர்த்ததற்குக் காரணமே அதுதான்: மூன்று ஆண்டு இங்கே படித்தால் ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரிக்கு உதவித்தொகை கிடைக்கும். தலைமையாசிரியர் சார்லஸ் லாசனின் பாடங்கள் ஓய்வு நேரத்தையும் விழுங்கியதாகவும், உடல் அசைவே இல்லாமல் நலம் கெட்டதாகவும் டி குயின்சி எழுதியிருக்கிறார். 1802 ஜூலையில், 17 வயதுகூட நிறையாத நிலையில், விடியற்காலையில் பள்ளியை விட்டு ஓடிப்போனார்.

மறுபக்கம் சாமுவேல் பாம்ஃபோர்டு. மிடில்டனைச் சேர்ந்த நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, 1788இல் பிறந்தவர். கீழ்ப்பிரிவில் ஆங்கிலப் படிப்பில் முதல் வரிசைக்கு வந்தவரை ஆசிரியர் இலத்தீன் வகுப்புக்கு உயர்த்த விரும்பினார். தந்தை மறுத்துவிட்டார். 1819இல் வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரில் கூடி, குதிரைப்படையின் தாக்குதலுக்கு உள்ளான பீட்டர்லூ கூட்டத்துக்கு மிடில்டன் மக்களை அணிவகுத்து அழைத்துச் சென்று சிறை சென்றவர் இவர். இலத்தீன் தவறிப்போனதை வயதான பின்னும் வருந்தி எழுதினார். சாசனம் மனத்தில் வைத்த பிள்ளை உண்மையில் இவர்தான். தடுத்தது கட்டணம் இல்லை. இலத்தீனால் ஒரு நெசவாளியின் மகனுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு, 1515இல் இருந்த பதில் 1800இல் இல்லை.

பிறகேன் பாடத்தை மாற்றவில்லை? சட்டம் குறுக்கே நின்றது. லீட்ஸ் கிராமர் பள்ளி 1552இல் நிறுவப்பட்டது. வணிகர்கள் நிறைந்த அந்த ஊரின் அறங்காவலர்கள், மிகுந்திருந்த வருமானத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், கணிதம் கற்பிக்க ஆசிரியர் வைக்க விரும்பினார்கள். வழக்கு வந்தது. 1805இல் நாட்டின் உயர் நீதிப் பதவியான லார்ட் சான்சலராக இருந்த எல்டன் பிரபு, அகராதியின் பொருளையே ஆதாரமாகக் கொண்டு, கிராமர் பள்ளி என்பது பழஞ்செம்மொழிகளை இலக்கணப்படி கற்பிக்கும் இடம், அந்த நிவந்தத்தை வேறு வகைப் பள்ளிக்குத் திருப்ப முடியாது என்றார். இலத்தீனுக்குத் துணையாகச் சில பாடங்களைச் சேர்க்கத் தீர்ப்பிலேயே இடமிருந்தது. ஆனால் நாடு முழுவதும் அது தடைத் தீர்ப்பாகவே வாசிக்கப்பட்டது. மாற்றத்தை விரும்பாத ஆசிரியர்களுக்கு வசதியான கவசமாகவும் அமைந்தது. 1840இல் வந்த கிராமர் பள்ளிகள் சட்டம் பாடங்களை விரிவாக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தது; ஆனாலும் பதவியிலிருக்கும் தலைமையாசிரியரின் சம்மதம் தேவைப்பட்டது. ஆயுள் பதவி வகித்தவர் இசையாவிட்டால் அவர் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மான்செஸ்டரில் உபரிப் பணத்தை என்ன செய்வது என்பது அறக்கட்டளை வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றம் வரை போய், 1830களில் ஆங்கிலமும் நடைமுறைப் பாடங்களும் சொல்லித்தரும் பிரிவு ஒன்று சேர்ந்தது. 1859இல் தலைமையாசிரியராக வந்த எஃப். டபிள்யூ. வாக்கர்தான் பள்ளியை அடியோடு மாற்றியவர். அறிவியலுக்கு இடம் கொடுத்தார், மாணவர் எண்ணிக்கையைப் பெருக்கினார், ஆக்ஸ்ஃபோர்டு பரிசுகளை வாரிக் குவித்தார். அதற்கு வேண்டிய பணம் ஆலைகளில் இல்லை. இலவச மாணவர்களோடு கட்டண மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கட்டணம் கூடாது என்பது மூன்றரை நூற்றாண்டு நின்ற விதி, ஊரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கம் சாசனத்தின் எழுத்து இருந்தது. வாக்கர் பக்கம் கணக்குப் புத்தகம் இருந்தது. இருவர் சொன்னதும் சரி என்பதுதான் அந்தச் சண்டையின் வேதனை.

நாடு முழுவதும் அதே காலத்தில் அரசு அமைத்த டான்டன் ஆணையம் ஏறத்தாழ 800 பழைய பள்ளிகளை ஆராய்ந்தது. பெரிய கட்டடமும் நல்ல வருமானமும் இருந்தும் மாணவர்களே இல்லாத பள்ளிகள் அதன் அறிக்கையில் வருகின்றன. 1869 சட்டம் பழைய சாசனங்களைத் திருத்தி எழுத ஆணையர்களுக்கு அதிகாரம் தந்தது. இலவசம் என்பது எல்லார்க்கும் உரியதாக இருந்த நிலை போய், தேர்வில் வென்றவர்களுக்கு உதவித்தொகை என்ற நிலை வந்தது. ஏழைகள் அதில் இழந்தார்கள். பெண்பிள்ளைகளின் பள்ளிகளுக்கு முதன்முறையாகப் பழைய நிவந்தங்களில் பங்கு கிடைத்தது.

இர்க் ஆறு இதற்குள் வேறாகியிருந்தது. 1840களில் அதைப் பார்த்த எங்கெல்ஸ் கரிய நிறத்துச் சாக்கடையாக வருணித்திருக்கிறார். பின்பு விக்டோரியா ரயில் நிலையத்துக்கு அடியில் அது மூடப்பட்டது. 1931இல் பள்ளி நகர நடுவை விட்டு ஃபாலோஃபீல்டுக்குப் போனது.

இருபதாம் நூற்றாண்டில் நிவந்தத்தின் இடத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் அரசுக் கிராமர் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்து, 11 வயதுத் தேர்வே நுழைவாயிலானது. மான்செஸ்டர் கிராமர் பள்ளி 'நேரடி மானியப் பள்ளி' என்ற இடைநிலை வகையைச் சேர்ந்தது. உள்ளாட்சியிடம் போகாமல் அமைச்சகத்திலிருந்து நேராக மானியம். பதிலுக்குக் குறைந்தது கால்பங்கு இடங்கள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். எரிக் ஜேம்ஸ் தலைமையாசிரியராக இருந்த 1945-62 காலத்தில் பள்ளி இந்த ஏற்பாட்டின் உச்சத்தில் நின்றது. 1965இல் அரசு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் முறைக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. 1975இல் நேரடி மானியம் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதைக் கைவிட்டு அரசு அமைப்புக்குள் வரலாம், அல்லது மானியமின்றித் தனியே நிற்கலாம். மான்செஸ்டர் கிராமர் பள்ளி 1976இல் தனியார் பள்ளியானது.

இதனால் இன்று பெயர் குழப்பும். இங்கிலாந்தில் இப்போதுள்ள 163 அரசுக் கிராமர் பள்ளிகளில் கட்டணம் இல்லை, தேர்வு உண்டு. 1998 சட்டத்தின்படி புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. ஸ்ட்ராட்ஃபோர்டுப் பள்ளி அந்த வகை. மான்செஸ்டரும் லீட்ஸும் பெயரில் மட்டும் கிராமர் பள்ளிகள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். ஏழைப் பிள்ளைகளுக்காக 1980களில் அரசு தொடங்கிய கட்டண உதவித் திட்டமும் 1997இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு மான்செஸ்டர் பள்ளி பழைய மாணவர்களிடமும் ஊர்ச் செல்வர்களிடமும் நிதி திரட்டி, பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறது. சேவல் பென்னிகூடக் கூடாது என்று தொடங்கிய பள்ளியில், கட்டணமின்றிப் படிக்கும் ஒரு பையனுக்கு இப்போது இடம் கிடைப்பது அந்த நிதியின் வட்டியில்தான்.